ஓடுவது ஓர் ஊர், கட்டுவது வேறு ஊர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கிண்டியில் ஓடாத குதிரைமேல் கிண்டியில் உட்கார்ந்து பணம் கட்டியவர் நீங்கள். ரேஸ் பெங்களூரிலோ மும்பை மகாலட்சுமியிலோ நடக்கும். நீங்கள் திரையைப் பார்த்து டிக்கெட் வாங்கித் தோற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சித்தியிடம் "ஆபீஸில் ஓவர்டைம்" என்பீர்கள். ஆகவே இந்த மடலில் வரும் சமாச்சாரத்தின் பாதி உங்களுக்கே தெரியும். ஓர் ஊர் ரேஸ்மேல் இன்னோர் ஊர்க்காரன் பணம் கட்டினால் அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்று எழுதிவைக்க அமெரிக்காவில் ஒரு மத்தியச் சட்டமே இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். டிவி வருவதற்கு வெகுமுன்பே தந்திக் கம்பி வழியாக ரேஸ் முடிவுகள் ஊர் ஊராக ஓடின. 1930-களில் மோசஸ் அனன்பர்க் என்ற பத்திரிகை முதலாளி, ரேஸ் செய்தியைக் கம்பியில் அனுப்பும் சேவையைக் கிட்டத்தட்டத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். சட்டவிரோத புக்கிகளின் பின்கட்டு அறைகளுக்கு அவர் கம்பிதான் உயிர்நாடி. கடைசியில் அவரைப் பிடித்தது சூதாட்டச் சட்டம் அல்ல, வருமானவரி. 1940-இல் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பிறகு 1961-இல், ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, மாநிலம் விட்டு மாநிலம் கம்பிவழியே பந்தயத் தொழில் நடத்துவதைக் குற்றமாக்கினார்கள்.

கம்பியை அறுத்த பத்தே ஆண்டில் அரசாங்கமே கடை விரித்தது. 1971 ஏப்ரலில் நியூயார்க் நகராட்சி 'ஓடிபி' என்ற பந்தயக் கடைகளைத் திறந்தது. ரேஸ்கோர்ஸுக்குப் போகவே வேண்டாம், கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு ஜன்னலில் பணம் கட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். தெருமுனை புக்கியின் கையில் போகும் பணம் நகராட்சிக்கு வரட்டும் என்பது கணக்கு. முதல் நாள் கூட்டம் முட்டி மோதியதாம். அந்தக் கடைகள் 2010 டிசம்பரில் கடனில் மூழ்கி மூடப்பட்டன. பணம் கட்டுகிறவன் தோற்பான் என்பது உலக நியதி, வாங்குகிறவனும் தோற்ற கடை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நியூயார்க் கிழவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். மாநிலத்துக்கு, ரேஸ்கோர்ஸுகளுக்கு, குதிரை வளர்ப்பவர்களுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்ததுபோக மிஞ்சியதில் கடை வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பங்குப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த மடலின் சங்கதி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு மாநிலத்துக் கடையில் இன்னொரு மாநிலத்து ரேஸ்மேல் பணம் வாங்க ஆரம்பித்தவுடன் ரேஸ்கோர்ஸ்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். குதிரைக்குத் தீவனம் போடுவது நாங்கள், தரையைப் பராமரிப்பது நாங்கள், ஜாக்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவதும் நாங்கள். எங்கோ ஒரு கடைக்காரன் ஒரு திரையை மாட்டிக் காசு பார்ப்பதா? நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக 1978 அக்டோபரில் வந்தது மாநிலங்களுக்கிடையிலான குதிரைப் பந்தயச் சட்டம். எந்த மாநிலத்தில் என்ன சூதாட்டம் நடக்கலாம் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யும், ஒன்றின் கொள்கையில் இன்னொன்று குறுக்கிடாதபடி மத்திய அரசு பார்த்துக்கொள்ளும் என்று தன் நோக்கத்தைச் சொல்லிவிட்டு, நேராகச் சம்மதப் பட்டியலுக்குப் போய்விடுகிறது.

வெளியூர் ரேஸ்மேல் பணம் வாங்க வேண்டுமானால் அந்த ரேஸை நடத்தும் கிளப் சம்மதிக்க வேண்டும். அந்தக் கிளப் தன் குதிரைச் சொந்தக்காரர்கள், பயிற்சியாளர்கள் சங்கத்தோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். ரேஸ் நடக்கும் மாநிலத்தின் ஆணையம் சம்மதிக்க வேண்டும். பணம் வாங்கும் மாநிலத்தின் ஆணையமும் சம்மதிக்க வேண்டும். இவ்வளவும் போதாது. பணம் வாங்கும் கடையைச் சுற்றி 60 மைலுக்குள் எந்த ரேஸ்கோர்ஸ் அப்போது நடந்துகொண்டிருந்தாலும் அதனிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பக்கத்து மாநிலத்தில் மிக அருகில் இருக்கும் ரேஸ்கோர்ஸைப் போய்க் கேட்க வேண்டும். வெளியூர்க் குதிரை உள்ளூர்க் குதிரையின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாதே. 2000 டிசம்பரில் இந்தச் சட்டத்தைத் திருத்தி, இரு மாநிலச் சட்டமும் இடம்கொடுத்தால் தொலைபேசியிலும் மின்வழியிலும் கட்டலாம் என்று சேர்த்தார்கள். இன்றைக்குக் கைபேசியில் கட்டும் பணமெல்லாம் அந்த ஒரு திருத்தத்தின் நிழலில் நிற்கிறது.

பழைய காலத்துக் கல்யாணம்போல இருக்கிறது இது. பங்காளி, மாமன், ஊர்ப் பெரியவர், பக்கத்து ஊர்க்காரர் எல்லாரிடமும் சம்மதம் கேட்டார்கள், பெண்ணை மட்டும் யாரும் கேட்கவில்லை. பணம் கட்டுகிற ஆள் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

சம்மதத்துக்கு எவ்வளவு வலு என்பதை டெக்சாஸ் காட்டியது. 2020 கடைசியில் வாஷிங்டன் இன்னொரு சட்டம் போட்டது. குதிரைகளுக்கு மருந்து கொடுப்பது, ஓடுதளப் பாதுகாப்பு இவற்றையெல்லாம் நாடு முழுக்க ஒரே அமைப்பு கண்காணிக்கும் என்றது. எந்த ரேஸ் அந்த அமைப்பின் கீழ் வரும்? வேறு மாநிலத்தார் பணம் கட்டும் ரேஸ். டெக்சாஸ் ஆணையம் யோசித்தது. எங்கள் மண்ணில் ரேஸைக் கண்காணிப்பது நாங்கள் மட்டும்தான் என்கிறது எங்கள் சட்டம், எனவே ஒளிபரப்பை வெளியே அனுப்பினால்தானே உங்கள் கை எங்கள்மேல் படும், அனுப்பவே மாட்டோம் என்று 2022 ஜூலையிலிருந்து நிறுத்திவிட்டது. டாலஸ் பக்கத்தில் லோன் ஸ்டார் பார்க்கில் குதிரைகள் எப்போதும்போல ஓடின, வெளி மாநிலத்தில் அவற்றின்மேல் பணம் கட்ட வழியில்லை. உள்ளே வரும் பணம் சரிந்தது. மைதானத்தில் கூட்டம் எவ்வளவு என்பது இந்தத் தொழிலில் ஒரு பொருட்டே அல்ல, பெரும்பங்கு பணம் எங்கிருந்தோதான் வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்ததில்லை.

நானே பார்த்திருக்கிறேன். குவீன்ஸில் என் பேட்டையிலிருந்து ஏ ரயில் ஏறினால் அக்விடக்ட் ரேஸ்கோர்ஸ். ஒரு குளிர்கால மதியம் போனேன். வெளியே குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நூறு பேர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி ஃப்ளோரிடா ரேஸைத் திரையில் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நம் கிண்டி ஜாக்பாட்டுக்கு அடுத்தடுத்து ஐந்து ரேஸில் வென்ற குதிரையைச் சொல்ல வேண்டும் இல்லையா, இங்கே அதன் அண்ணன் 'பிக் சிக்ஸ்', ஆறு ரேஸ். 2002 அக்டோபர் 26, சிகாகோ பக்கத்தில் ஆர்லிங்டன் பார்க்கில் பிரீடர்ஸ் கப். கடைசி ரேஸில் வோல்போனி என்ற குதிரை, யாரும் சீந்தாதது, ஒன்றுக்கு நாற்பத்து மூன்றுக்கும் மேல் ஆட்ஸ், ஜெயித்துவிட்டது. பிக் சிக்ஸில் வென்ற டிக்கெட் ஆறு. ஒவ்வொன்றுக்கும் 4,28,392 டாலர். ஆறும் ஒரே ஆளுடையது.

பால்டிமோரில் இருந்த அவர் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் ஓடிபிக்குப் போன் போட்டுக் கட்டியிருந்தார். டிக்கெட்டைப் பார்த்தவர்களுக்கு உறுத்தியது. முதல் நாலு ரேஸுக்குத் தலா ஒரே ஒரு குதிரை, நாலும் சரி. கடைசி இரண்டு ரேஸுக்கோ ஓடிய குதிரை அத்தனையும். அதையே ஆறு மடங்காக, 1,152 டாலருக்கு. நாலு ரேஸில் ஒற்றைக் குதிரையை அவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறவன் கடைசி இரண்டில் ஏன் இப்படி நடுங்க வேண்டும்? நீங்களாக இருந்தால் அந்தப் பணத்தை முதல் நாலிலும் பரப்பியிருப்பீர்கள்.

மர்மம் கணினியில் இருந்தது. தொலைதூரக் கடைகளிலிருந்து எத்தனை டாலர் கட்டப்பட்டது என்ற தொகை மட்டும்தான் உடனே ரேஸ்கோர்ஸுக்குப் போகும். எந்தெந்தக் குதிரை என்ற விவரம் நாலாவது ரேஸ் முடிந்த பிறகுதான் போகும். கம்பியில் நெரிசல் வேண்டாம் என்று அப்படி ஒரு ஏற்பாடு. அந்தக் கணினிகளை நடத்திய டெலவர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பால்டிமோர்க்காரரின் கல்லூரி நண்பர், நாலு ரேஸ் முடியும்வரை காத்திருந்து டிக்கெட்டில் வென்ற குதிரைகளை எழுதிவிட்டார். பரிசைக் கொடுப்பதற்கு முன்பே பிடிபட்டு, அவர்களோடு இன்னொரு நண்பரும் சேர்த்து மூன்று பேர் சிறைக்குப் போனார்கள். குதிரை இல்லினாய், கடை நியூயார்க், கட்டியவர் மேரிலாண்ட், கணினி டெலவர். சட்டம் கேட்ட சம்மதம் எல்லாம் முறைப்படி இருந்தது. பணம் எந்த நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்று அதில் யாரும் எழுதவில்லை.

அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் நேரத்தின் வில்லங்கம் வேறு உருவில் திரும்ப வந்திருக்கிறது. புக்கியிடம் கட்டினால் சொன்ன விலை சொன்னதுதான். டோட்டில் அப்படியில்லை, எல்லாருடைய பணமும் ஒரே பூலில் விழுந்து, கடைசிப் பணம் சேர்ந்த பிறகுதான் உங்கள் குதிரையின் விலை தெரியும். நாடு முழுவதிலிருந்தும் வரும் பணத்தைக் கூட்டி முடிக்க, குதிரைகள் புறப்படும் கதவு திறந்தபின்னும் சில விநாடிகள் ஆகும். ஒன்றுக்கு நாலு என்று பார்த்துக் கட்டிய குதிரை முதல் வளைவில் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். ரேஸ் தொடங்கியபின் எவனோ கட்டுகிறான் என்று மைதானத்தில் வசவு கிளம்பும். பெரும்பாலும் அப்படியில்லை. கதவு திறப்பதற்குச் சில விநாடிகளுக்கு முன் கணினியை வைத்துப் பந்தயம் கட்டும் குழுக்கள் கட்டுகட்டாகப் பணத்தை இறக்குகின்றன.

இங்கேதான் பங்குப் பிரிவினை மீண்டும் வருகிறது. நியூயார்க்கில் வின், பிளேஸ் பூலில் நூறு டாலரில் 16 டாலரை எடுத்துக்கொண்டுதான் மீதியைப் பிரிக்கிறார்கள். வெளியூர்க் கடை அந்த 16-இல் ஒரு பகுதியை ரேஸ் நடத்துகிறவருக்கு ஒப்பந்தப்படி கொடுத்துவிட்டு மற்றதைத் தான் வைத்துக்கொள்கிறது. அந்த மிச்சத்திலிருந்து பெரிய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுக்கிறது. ஆகவே கணினிக் குழுவுக்கு வெல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, கொஞ்சமாகத் தோற்றால் போதும், தள்ளுபடி லாபமாக நிற்கும். அதே பூலில் இருபது டாலர் கட்டும் பஸ் டிரைவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. 1978-இல் கிளப்புக்கும் குதிரைக்காரருக்கும் பங்கு வாங்கிக் கொடுக்கப் போட்ட ஏற்பாடு, சின்ன ஆளின் பையிலிருந்து பெரிய ஆளின் பைக்குப் பணம் போகிற வாய்க்காலாகவும் ஆகிவிட்டது.

நியூயார்க் ரேஸ் நிர்வாகம் வின் பூலில் கடைசி இரண்டு நிமிடம் கணினிக் குழுக்களுக்குக் கதவைச் சாத்தியது. நல்ல காரியம், ஆனால் ஒரு நிர்வாகம் தன் இஷ்டத்துக்குச் செய்த காரியம். என்னைக் கேட்டால், 60 மைல் கணக்கை அளந்து எழுதத் தெரிந்தவர்கள் 60 விநாடிக் கணக்கையும் சட்டத்திலேயே எழுதலாம். ரேஸ்கோர்ஸுகளுக்கோ தயக்கம், கணினிக்காரர்கள் கொண்டுவரும் பணம் பெரிது.

நம் ஊரில் வாதம் வேறு திசையில் போயிற்று. கருணாநிதி ஆட்சியில் 1974-இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது, 1996-இல் உச்ச நீதிமன்றம் இது திறமையின் ஆட்டம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பேச்செல்லாம் வரியும் நிலமும்தான். கட்டும் முழுத்தொகைமேல் இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 40 ஆனது. கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தது. உங்கள் பணம் பெங்களூர்ப் பூலில் எப்போது போய்ச் சேர்ந்தது என்று நீங்கள் ஒருநாளாவது கேட்டதுண்டா?

கென்டக்கி டெர்பிக்கு என் கணக்கிலிருந்து உங்களுக்காக நூறு டாலர் கட்டச் சொல்லியிருந்தீர்கள். அடுத்தவருக்காகக் கட்டக்கூடாது என்று கணக்கு தொடங்கும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் முடியாது. மே முதல் சனிக்கிழமை, உங்களுக்கு ஞாயிறு விடியற்காலை நாலரை மணிவாக்கில் ரேஸ். சும்மா பாருங்கள். சித்தியையும் எழுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்,
நியூயார்க்