வேலைநிறுத்தச் செய்தியும் நீதியான சாட்சியமும்

 

ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்த அறிவிப்பு எப்போது வந்தாலும், மறுநாள் காலைச் செய்தித்தாளில் என்ன இருக்கும் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நடைமேடையில் மூட்டை முடிச்சுகளுடன் அமர்ந்திருக்கும் ஒரு குடும்பத்தின் படம் இருக்கும். 'பயணிகள் அவதி' என்ற தலைப்பு இருக்கும். நாளொன்றுக்கு இத்தனை கோடி ரூபாய் இழப்பு என்ற கணக்கு இருக்கும். ஊழியர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது கடைசிப் பத்தியில், இரண்டு வரிகளுக்குள் முடிந்துவிடும். அன்று அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் நடக்கும் உரையாடலும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் செல்கிறது. படத்தில் தொடங்கி, தலைப்பில் நின்று, இழப்புக் கணக்கில் கோபமாக முடிகிறது.

வேலைநிறுத்தம் மார்க்கத்தில் கூடுமா, எந்த நிபந்தனையுடன் கூடும் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது ஆலிம் பெருமக்கள் ஆராய்ந்து பேசவேண்டிய பொருள். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதும் கடமை, உழைப்பவரின் உரிமையைத் தாமதமின்றி வழங்குவதும் கடமை என்ற இரண்டையும் நம் மார்க்கம் ஒருங்கே வலியுறுத்துகிறது என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்வோம். நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி: அத்தகைய செய்தியை ஒரு முஸ்லிம் எப்படி வாசிக்க வேண்டும்? எப்படிப் பிறருக்குச் சொல்ல வேண்டும்?

இதற்கு 1974-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே 8 முதல் மே 27 வரை இருபது நாட்கள் இந்திய ரயில்வே ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். சுமார் 17 லட்சம் பேர் அதில் பங்கேற்றதாகச் சொல்லப்படுகிறது. அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதற்குத் தலைமை தாங்கினார். எல். என். மிஸ்ரா ரயில்வே அமைச்சராக இருந்தார். பண்டங்களின் விலை கடுமையாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. போனஸ், விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி, பொதுத்துறை நிறுவன ஊழியருக்கு நிகரான ஊதியம், எட்டு மணி நேர வேலை ஆகியவை முக்கியக் கோரிக்கைகள்.

எட்டு மணி நேரம் என்னும் கோரிக்கையைச் சற்று விளக்க வேண்டும். ரயிலை ஓட்டிச் செல்லும் ஊழியரின் பணியை ஆங்கிலேயர் ஆட்சி 'தொடர்பணி' என்று வகுத்திருந்தது. வண்டி தன் பயணத்தை முடிக்கும்வரை அவர் பணியில் இருந்தாக வேண்டும் என்பது அதன் பொருள். சரக்கு வண்டியாக இருந்தால், பயணி வண்டிகளுக்கு வழிவிட்டுக் கிளைத் தண்டவாளத்தில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க நேரிடும். சில வேளைகளில் ஒரு பயணம் நாட்கணக்கில் நீண்டுவிடும். நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த நிலை அவ்வளவாக மாறவில்லை.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த வேளையில், மே 2 அன்று பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார். மிசா சட்டமும் இந்தியப் பாதுகாப்பு விதிகளும் பயன்படுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். பல குடும்பங்கள் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. இதில் செய்தியைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தலைவர்கள் சிறையில் இருக்கும்போது, அவர்கள் தரப்பைக் கேட்டு எழுத நினைக்கும் நிருபர் யாரிடம் போவார்? அமைச்சகத்தின் அறிக்கையோ அன்றாடம் தட்டச்சு செய்து கையில் கொடுக்கப்படும். வானொலி அன்று அரசின் ஒரு துறை. சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பே 1975-இல்தான் தொடங்கியது. ஆகவே சிற்றூர்களில் இருந்த மக்கள் அறிந்தது வானொலி சொன்னதையும், தேநீர்க் கடையில் கைமாறிய ஒற்றைச் செய்தித்தாள் சொன்னதையும்தான். வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாளான மே 18 அன்று பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அடுத்த நாட்களின் தலைப்புகளை அச்செய்தியே நிறைத்துக்கொண்டது. சிறையில் இருந்தவர்களும், கூலியின்றி இருந்த குடும்பங்களும் உட்பக்கங்களுக்குப் போனார்கள். மே 27 அன்று வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது.

எங்கள் தாய்மாமா அந்த லட்சக்கணக்கானோரில் ஒருவர். திருச்சிப் பகுதியில் நீராவி இன்ஜினில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப்போடும் பணி செய்தவர். நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தவை இவை. மாமாவும் எங்கள் நன்னியும் பலமுறை சொல்லக் கேட்டு வளர்ந்தோம். கிளைத் தண்டவாளத்தின் ஓரத்தில் துண்டை விரித்து ஃபஜ்ரு தொழுததையும், நோன்பு நோற்றபடியே கொதிக்கும் உலைவாயின் முன் நின்றதையும் மாமா முறையீடாகச் சொன்னதில்லை. வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே சொல்வார். அவர் மனம் நொந்து சொன்னது வேறொன்று. அந்த இருபது நாட்களில் ஜும்ஆவுக்குச் சென்றால், கையில் மடித்த செய்தித்தாளுடன் தெரிந்தவர்கள் எதிர்ப்படுவார்கள். "நாட்டையே நிறுத்திப்புட்டீங்களே!" என்பார்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லையாம். "அவுங்கள குத்தம் சொல்லி என்ன பண்றது? அவுங்க கையில இருந்த பேப்பர்ல அந்தக் கேள்வியே இல்லையே" என்பார் மாமா.

இதே வீட்டில் இன்னொரு துயரமும் நிகழ்ந்தது. நன்னியின் தம்பி பம்பாயில் தோல் வியாபாரம் செய்துவந்தார். மே மாத நடுவில் அவர் உடல்நிலை மோசமாக இருப்பதாகத் தந்தி வந்தது. சென்னை வரை எப்படியாவது போய்விடலாம். அங்கிருந்து பம்பாய்க்கு ஒரு பெண் தனியாக எப்படிப் போவது? வேலைநிறுத்தம் முடிவதற்குள் இரண்டாவது தந்தியும் வந்துவிட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உடன்பிறந்தவரின் முகத்தை இறுதியாகப் பார்க்கும் வாய்ப்பு, சொந்த மகனும் பங்கேற்ற வேலைநிறுத்தத்தால் நன்னிக்கு இல்லாமல் போனது.

பல ஆண்டுகளுக்குப் பின்னும் நன்னி அதைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பேசுவார். மாமாவிடம் அன்று தாம் சொன்னதை எங்களிடம் அப்படியே சொல்வார்: "உம்மேல வருத்தம் இல்லேன்னு சொன்னா அது பொய்யாப் போயிரும் மவனே. ஆனா ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்து, சோத்துல கைய வெச்சபடியே நீ தூங்கிப்போனதையும் நாந்தானே பாத்தேன்."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டியின் இந்தச் சொல், அந்த இருபது நாட்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் மிக நேர்மையான செய்தி என்று கருதுகிறோம். தம் இழப்பை அவர் மறைக்கவில்லை. மகனின் களைப்பையும் மறைக்கவில்லை. நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரி, சம்பந்தப்பட்டவர் செல்வரோ ஏழையோ எவராயினும் சரி என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம் தரும் கட்டளையின் சாரம். பணக்காரருக்காக ஒரு பக்கம் சாய்வது எப்படித் தவறோ, ஏழை என்ற இரக்கத்தால் மறுபக்கம் சாய்வதும் சாட்சியத்தில் தவறே. ஆகவே மாமா எங்கள் மாமா என்பதற்காகப் பயணிகளின் துன்பத்தை நாங்கள் குறைத்துச் சொல்ல முடியாது. மருத்துவமனைக்குப் போக முடியாத நோயாளியும், தேர்வுக்குச் செல்ல முடியாத மாணவரும், அன்றாடச் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்ல முடியாத சிறு வியாபாரியும் உண்மையானவர்கள். அவர்களைப் பற்றி எழுதும் நிருபர் பொய் எழுதவில்லை. குறை எங்கே இருக்கிறது என்றால், உண்மையின் ஒரு பாதி தலைப்பிலும் மறு பாதி எழுதப்படாமலும் போவதில் இருக்கிறது.

நம் தமிழ்ச் செய்திகளின் சொல்வழக்கைக் கவனியுங்கள். ஊழியர்கள் எப்போதும் வேலைநிறுத்தத்தில் 'குதிப்பார்கள்', 'மிரட்டல்' விடுப்பார்கள். அமைச்சரோ 'வேண்டுகோள்' விடுப்பார், மிஞ்சினால் 'எச்சரிப்பார்'. பேச்சுவார்த்தை 'முறிந்தது' என்று எழுதுவார்கள். யார் முறித்தார் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. ரயில் நின்ற நாளில் செய்தி தொடங்குகிறது. கோரிக்கை மனு கொடுத்த நாளும், பதில் வராமல் கழிந்த மாதங்களும் செய்தியாவதில்லை. எனவே வாசிப்பவருக்கு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரயிலைச் சிலர் திடீரென்று நிறுத்திவிட்டதாகவே தோன்றுகிறது.

எங்கள் மதரஸாவில் மூத்த மாணவர்களுக்கு ஹதீஸ் கலை நடத்தும்போது, ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அறிவிப்பாளர் தொடரைப் பார்க்க வேண்டும் என்று கற்பிக்கிறோம். சொன்னவர் யார், அவர் நேரில் கேட்டாரா, அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையவை, இடையில் எவரேனும் விடுபட்டுள்ளனரா என்று ஆராய்கிறோம். 2024 ஜூன் மாதம் தென்னக ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் வார ஓய்வை முறையாக வழங்கக் கோரிப் போராடியபோது, ஒரு மாணவர் கைப்பேசியில் வந்த துணுக்கைக் காட்டி, "உஸ்தாத், இவங்களுக்குத் தூங்கறதுக்குச் சம்பளம் வேணுமாம்" என்று சிரித்தார். அவரைக் கண்டிக்காமல், அந்த வாரச் செய்தி நறுக்குகள் சிலவற்றை வகுப்பில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பேசுபவர் யார் யார் என்று கோடிடச் சொன்னோம். ஒரு நறுக்கில் அதிகாரி ஒருவர் இருந்தார், பயணிகள் இருவர் இருந்தனர், வண்டி ஓட்டுபவர் ஒருவரும் இல்லை. தொழிற்சங்க வெளியீடு ஒன்றையும் கொடுத்தோம். அதில் ஓட்டுநர்கள் பலர் இருந்தனர், பயணி ஒருவரும் இல்லை. துணுக்கைக் காட்டிய மாணவரே, "இரண்டிலும் தொடர் அறுந்திருக்கிறது உஸ்தாத்" என்றார். பாடம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்டதும் ஓய்வுதான், இன்று கேட்கப்படுவதும் ஓய்வுதான் என்று அப்போது மாமாவின் கதையையும் சொன்னோம். இரவு இரண்டு மணிக்கு நாம் உறங்கியபடி செல்லும் ரயிலை ஓட்டுபவர் உறங்கி எழுந்து வந்தவரா என்பது பயணிகளாகிய நம் உயிரைச் சார்ந்த செய்தி. பயணியின் நலமும் ஓட்டுநரின் நலமும் ஒரே வண்டியில்தான் செல்கின்றன.

1974-இன் கதைக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. வேலைநிறுத்தத்தால் பணி இழந்தவர்கள் 1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரானபோது மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1979-இல் ரயில்வே ஊழியருக்கு உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ் ஏற்கப்பட்டது. தோற்றுப்போனதாக எழுதப்பட்ட போராட்டத்தின் கோரிக்கையில் ஒன்று, ஐந்து ஆண்டுகளில் அரசாலேயே ஏற்கப்பட்டது. அன்று மாமாவிடம் கடிந்துபேசியவர்களுள் எத்தனை பேர் இந்தப் பிற்பகுதியை வாசித்திருப்பார்கள்?

சகோதர, சகோதரிகளே! உறுதியற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் நமக்கு உணர்த்துகிறது. தீங்கிழைக்க வாள் வேண்டியதில்லை. ஜும்ஆ முடிந்து வரும் உழைப்பாளியைப் பார்த்துச் சொல்லும் ஒரு சொல் போதும். அடுத்தமுறை இத்தகைய செய்தி நம் வீட்டுக்கு வரும்போது, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைச் சொல்பவர் யார்? யாரிடம் கேட்காமல் விட்டார்? ரயில் நிற்பதற்கு முன் என்ன நடந்தது? விடை கிடைக்கும்வரை அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்போம். நம் மஹல்லாவில் ரயில்வேயில் பணிபுரியும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் நேரில் கேட்போம். அவரால் துன்பமுற்ற பயணியிடமும் கேட்போம்.

இரு தரப்பின் துயரையும் குறைவின்றிக் கூட்டாமல் சொல்லும் நாவையும், செவிமடுக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.