அடைப்புக்குறிக்குள் காணாமல் போன இரண்டு வருஷம்

எழுதி ரொம்ப நாளாச்சு. போன தடவை பரோட்டா, சால்னா பற்றி எழுதியவன் இந்தத் தடவை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பற்றி எழுதப் போகிறேன். ஓடிவிடாதீர்கள். இதிலும் காரம் உண்டு, மிளகாய் விஷயம்தான் :-)

எங்கள் வகுப்பு ஆட்களுக்குக் கதையின் முதல் பாதி தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பி.காம் படிக்கிறேன். பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பருக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். சொந்தமாக டேட்டா சேகரித்து, ரெக்ரஷன் போட்டு, முடிவை ஏபிஏ முறையில் எழுதவேண்டும். ரெக்ரஷன் என்றால் வேறொன்றுமில்லை, பிளஸ் ஒன் புத்தகத்தில் 'தொடர்புப் போக்கு' என்று படித்தோமே, அதேதான். ஒன்று கூடினால் இன்னொன்று எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று ஒரு நேர்கோடு போட்டுச் சொல்வது.

ஏபிஏ என்பது அமெரிக்க சைக்காலஜி சங்கம். சைக்காலஜிகாரர்களுக்கும் காமர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். 1929-ல் கட்டுரைகளை ஒரே மாதிரி எழுதுவதற்காக ஏழு பக்கத்தில் ஒரு வழிகாட்டிக் கட்டுரை போட்டிருக்கிறார்கள். அது வளர்ந்து வளர்ந்து தடிப் புத்தகமாகி, 2019-ல் ஏழாம் பதிப்பு வந்தது. இப்போது மேனேஜ்மென்ட், கல்வியியல், நர்சிங் என்று எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எடுத்த டேட்டா எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஊர் அபிராமம். பார்த்திபனூரில் இறங்கி கமுதி பஸ் ஏறினால் வரும். வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி மிளகாய் போட்டால், தைக்குப் பிறகு பழம் பறித்து, களத்தில் காயவைத்து வத்தலாக்கி, மூடை கட்டிக் கமிஷன் கடைக்கு அனுப்புவோம். (எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.) எங்கள் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, ஒரு நீள நோட்டில் வருஷா வருஷம் எத்தனை மூடை, என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார். அதில் 2012-13 முதல் 2023-24 வரை 12 வெள்ளாமை. நிலமும் மாறவில்லை, பயிரும் மாறவில்லை. மழைக்குக் கமுதி மழைமானிக் கணக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எக்ஸ் மழை, ஒய் மூடை. இதைவிட நல்ல அசைன்மென்ட் யாரிடம் இருக்கும் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பி-மதிப்பு .05-க்கு மேலே நிற்கிறது! மழைக்கும் மிளகாய்க்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி ஒரு முடிவு. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

புள்ளிகளைப் பார்த்தேன். இரண்டு வருஷம் மட்டும் கோட்டை விட்டு ரொம்ப தூரம் விலகிக் கிடந்தன. 2020-21, 2021-22. மழை நன்றாக இருக்கிறது, மூடை மட்டும் இல்லை. பக்கத்து ரூம் மாப்ள ஒருத்தன், "அவுட்லையர்டா, தூக்கிப் போட்ரு" என்றான். தூக்கினேன். பி-மதிப்பு சமத்தாக .05-க்குக் கீழே இறங்கியது. ஆர் ஸ்கொயரும் ஏறியது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்லக்கூடாது.

சரி, இப்போது ஏபிஏ முறையில் எப்படி எழுதுவது என்று பார்த்துவிடுவோம். இதைத் தேடித்தான் நான் இரண்டு நாள் அலைந்தேன், உங்களுக்காவது உபயோகப்படட்டும். என் கணக்கை உதாரணமாகக் காட்ட எனக்கே வெட்கம். அதனால் 1973-ல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம்ப் என்கிற புள்ளியியலாளர் வெளியிட்ட ஒரு பிரபலமான டேட்டாவை எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 11 ஜோடி எண்கள். முடிவை எழுதினால் இப்படி வரும்:

எக்ஸ், ஒய்-யைக் குறிப்பிடத்தக்க அளவில் கணித்தது, ஆர் ஸ்கொயர் = .67, எஃப்(1, 9) = 17.99, பி = .002. எக்ஸ் ஒரு அலகு கூடும்போது ஒய் சராசரியாக 0.50 அலகு கூடியது, 95% நம்பிக்கை இடைவெளி [0.23, 0.77], டி(9) = 4.24, பி = .002.

அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்கவேண்டிய சில்லறை விஷயங்கள் இவை:

ஒன்று, எஃப், டி, பி போன்ற எழுத்துகள் சாய்வெழுத்தில் வரவேண்டும். பீட்டா மாதிரி கிரேக்க எழுத்துகள் நேராக நிற்கும்.

இரண்டு, பி-மதிப்பும் ஆர் ஸ்கொயரும் ஒன்றைத் தாண்டாது. அதனால் புள்ளிக்கு முன்னால் சைபர் போடுவதில்லை, .002 என்றே எழுதவேண்டும். சரிவு ஒன்றைத் தாண்டலாம், அதற்கு 0.50 என்று சைபர் உண்டு.

மூன்று, எஸ்.பி.எஸ்.எஸ் சில நேரம் பி-மதிப்பை .000 என்று காட்டும். அதை அப்படியே எழுதினால் மார்க் போச்சு. .001-ஐ விடக் குறைவு என்றுதான் எழுதவேண்டும், ஏனென்றால் அது பூஜ்யமே கிடையாது.

நான்கு, வெறுமனே 'முக்கியத்துவம் உண்டு, இல்லை' என்று முடிக்கக்கூடாது. சரிவு எவ்வளவு, அதன் நம்பிக்கை இடைவெளி எவ்வளவு என்றும் சொல்லவேண்டும். (சரிவுக்கும் பி-மதிப்புக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'! அதனால்தான் ஒன்றைச் சரிவு என்கிறேன்.)

இதெல்லாம் நான் சரியாகத்தான் செய்திருந்தேன். சார் நோட்டை வாங்கினார். பத்தியைப் படிக்கவே இல்லை. எஃப்-க்குப் பக்கத்தில் இருந்த அடைப்புக்குறியில் விரலை வைத்தார்.

"எஃப்(1, 8). அப்படின்னா எத்தனை வருஷம்?"

"10 வருஷம் சார்."

"மேல முதல் வரியில 12 வருஷக் கணக்குன்னு எழுதியிருக்கியேப்பா. மீதி ரெண்டு வருஷம் எங்க?"

அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு எக்ஸ் இருக்கும் ரெக்ரஷனில் அந்த இரண்டாவது எண் மொத்த எண்ணிக்கையில் இரண்டு குறைவாக இருக்கும். ஆன்ஸ்கம்பின் 11 ஜோடிக்கு 9. என் 12 வருஷத்துக்கு 10 வந்திருக்கவேண்டும். 8 என்று இருந்தால் இரண்டு பேர் வகுப்புக்கு வரவில்லை என்று அர்த்தம். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரித்தான் தெரிந்தது.

சார் திட்டவில்லை. "எடுக்கவே கூடாதுன்னு சொல்லல. எடுத்தா எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன்னு எழுதணும். அதுவும் ஏபிஏ விதிதான். காரணத்தைக் கேட்டுட்டு வா" என்றார்.

அந்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அய்யா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நோட்டைக் காட்டி, "அய்யா, இந்த ரெண்டு வருஷம் ஒத்து வரல, கணக்குல இருந்து எடுத்துட்டேன்" என்றேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எடுத்துரலாம்னா நல்லதுதான். அப்படியே வட்டிக்காரர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லி, அவர் நோட்டுல இருந்தும் எடுக்கச் சொல்லுய்யா."

உள்ளே இருந்து அப்பத்தா, "என் சங்கிலியையும் கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. அந்த இரண்டு வருஷத்தில்தான் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அப்போது நான் ஸ்கூலில் இருந்தேன், ஆன்லைன் கிளாஸுக்குப் போன் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டையே தலைகீழாகப் புரட்டிய இரண்டு வருஷத்தை, கோட்டில் உட்காரவில்லை என்பதற்காக டெலீட் பட்டனில் அழித்திருக்கிறேன்.

அய்யா காரணத்தையும் சொன்னார். 2020 கடைசியில் மழை அளவாகத்தான் பெய்தது, செடியும் நன்றாக வந்தது. 2021 ஜனவரியில், தை பிறக்கும் நேரத்தில், பெய்யக்கூடாத மழை பெய்தது. பூவும் பிஞ்சும் பழமும் அழுகிவிட்டன. நான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையைத்தானே எடுத்தேன்? ஜனவரி என் கணக்கிலேயே இல்லை. அடுத்த வருஷம் வேறு கதை. 2021 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிடச் சுமார் 59 சதவீதம் அதிகம். வயலில் தண்ணீர் நின்று செடி வேரோடு போய்விட்டது. இதே நோட்டில் 2016-ம் இருக்கிறது. அந்தப் பருவமழை 62 சதவீதம் குறைவு, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அரசே அறிவித்தது. அந்த வருஷமும் மிளகாய் இல்லை.

மழை இல்லாவிட்டாலும் போச்சு, மிஞ்சினாலும் போச்சு. புள்ளிகளை ஒரு தாளில் வைத்துப் பார்த்தால் அது நேர்கோடே இல்லை. ஏறி, இறங்குகிறது, எங்கள் கம்மாய்க்கரையைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி. நான் கரையின் ஏறும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கும் பக்கத்தை வெட்டிவிட்டிருந்தேன்.

இப்போது ஆன்ஸ்கம்பின் குறும்பைச் சொல்கிறேன். அவர் கொடுத்தது ஒரு டேட்டா அல்ல, நான்கு. நான்குக்கும் மேலே நான் எழுதிய ஏபிஏ வரி ஏறக்குறைய அப்படியே பொருந்தும்! ஆனால் படம் வரைந்தால் முதலாவது சாதாரணமாகச் சிதறிய புள்ளிகள். இரண்டாவது வளைந்த கோடு, எங்கள் கம்மாய்க்கரை. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி விலகி நின்று கோட்டையே இழுக்கிறது. நான்காவதில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடே கிடையாது. ஆக ஏபிஏ வரி மட்டும் போதாது, முதலில் படம் போடு என்பதுதான் அந்த மனுஷன் சொன்னது. நான் படத்தையும் பார்த்தேன், ஆனால் எதை நீக்கலாம் என்று தேடுவதற்காகப் பார்த்தேன்.

மழையையும் ரெக்ரஷனையும் சேர்த்துப் பிடித்த முதல் ஆள் நானில்லை. 1899-ல் பருவமழை பொய்த்து நாடே பஞ்சத்தில் கிடந்தது. சில வருஷம் கழித்து, 1904-ல், கில்பர்ட் வாக்கர் என்கிற கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழைக் கணக்குகளை வாங்கி, கிளார்க்குகளை வைத்துக் கையாலேயே ஒட்டுறவு கணக்குப் போட்டு, மழையைக் கணிக்க ரெக்ரஷன் சமன்பாடு செய்தார். (1913 பிப்ரவரியில் மெட்ராஸ் வந்தபோது துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவரும் இவர்தான். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.) அவர் 1914-லேயே எச்சரித்த விஷயம் ஒன்று உண்டு. நிறையக் காரணிகளைத் துழாவினால், தற்செயலாகவே ஏதாவது ஒன்று பெரிய ஒட்டுறவு காட்டும். அதனால் எத்தனையைத் துழாவினோம் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் அதை நம்பவேண்டும். பி-மதிப்பு இறங்கும்வரை வரிசைகளை நீக்கிப் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அதே மருந்துதான்.

பெரியவர்களுக்கே சறுக்கும். 2002-ல் 16 காரணிகள் வைத்த சமன்பாடு தென்மேற்குப் பருவமழை 101 சதவீதம் என்றது. பெய்தது 81. ஆனால் அந்த 2002-ஐ அவர்கள் தூக்கிப் போடவில்லை. சமன்பாட்டைத்தான் மாற்றினார்கள்.

நான் திரும்ப எழுதினேன். 12 வருஷமும் உள்ளே. எஃப்(1, 10). பி-மதிப்பு .05-க்கு மேல், அப்படியே எழுதினேன். நம்பிக்கை இடைவெளிக்குள் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது, அதையும் எழுதினேன். கீழே படம் போட்டு, உறவு வளைவாகத் தெரிகிறது, 12 வருஷத்தை வைத்து இதற்கு மேல் உறுதியாகப் பேச முடியாது, 2020-21 பாதிப்புக்குக் காரணம் ஜனவரி மழை, அது இந்த மாதிரியில் இல்லை என்று நாலு வரி. 20-க்கு 15 மார்க். மாப்ளைக்கு 17. பரவாயில்லை, அவன் டேட்டாவில் யாருடைய சங்கிலியும் இல்லை.

ஒரு காலத்தில் ஏபிஏ என்றால் சாய்வெழுத்து, சைபர், கமா என்று நினைத்தேன். இப்போது அந்த அடைப்புக்குறியைப் பார்த்தால், கேள்வி கேட்க ஒரு ஆளை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எத்தனை பேர் இருந்தார்கள்? எவ்வளவு மாறியது? எவ்வளவு நிச்சயம்? கமிஷன் கடையில் அய்யா கேட்பதும் இதே மூன்று கேள்விதான். எத்தனை மூடை, என்ன விலை, எடை சரியா.

அடுத்த தடவை இவ்வளவு காரமில்லாமல் ஏதாவது எழுதுகிறேன். அதுவரை, உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒருமுறை திறந்து அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணோடு இரண்டைக் கூட்டிப் பாருங்கள் (எக்ஸ் ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டவேண்டும்). யாரையாவது வெளியே நிறுத்தியிருந்தால் உள்ளே கூப்பிட்டுவிடுங்கள்.

வரட்டுமா :-)