முதுகு கேட்ட கணக்கு

ஆண்டுகள் பல விடைத்தாள்களின்மீது குனிந்திருந்ததற்கு நம் இடுப்பு ஒருநாள் கணக்குக் கேட்டது. நாற்காலியில் அமர்ந்து தொழும் நிலை வந்தபோதுதான் நெஞ்சு கலங்கிற்று. இயன்முறை மருத்துவர் ஒருவர் 'பிலாட்டிஸ்' பயிற்சியைப் பரிந்துரைத்தார்.

1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப்போரின்போது மான் தீவு முகாமில் அடைபட்டிருந்த காலத்திலும் தம் பயிற்சி முறையைச் செப்பனிட்டவர். 'கன்ட்ராலஜி' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். கட்டுப்பாட்டுக் கலை என்பது பொருள். நாமோ பெயரை மதிக்கவில்லை. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் உயர்த்திக் கைகளை நூறு முறை அசைக்கும் பயிற்சியை எண்ணி முடிப்பதிலேயே குறியாயிருந்தோம். எண்ணிக்கை நிறைந்தது, கழுத்தும் பிடித்துக்கொண்டது.

பயிற்றுநர் எண்ணுவதை நிறுத்தச் சொன்னார். முழங்கால்களை மடக்கிப் படுக்கவைத்து, இடுப்பின் இருபுற முன்னெலும்புகளும் அடிவயிற்றின் கீழுள்ள எலும்பும் ஒரே மட்டத்தில் அமையச் செய்தார். கீழ்முதுகு தரையில் அழுந்தவுமில்லை, வில்லாய் வளையவுமில்லை. அதன் இயல்பான சிறு குழிவு அப்படியே இருந்தது. (பிலாட்டிஸ் அவர்களோ முதுகு தட்டையாதலையே விரும்பியவர், பின்வந்தோர் பலர் இயல்பு வளைவைப் பேணுகின்றனர்.) விலா துருத்தாமல், தோள் காதை நோக்கி ஏறாமல் ஒரு காலை மட்டும் உயர்த்தினோம். வயிற்றின் ஆழத்துத் தசை நடுங்கிற்று! அதுகாறும் அத்தசை செய்யவேண்டிய வேலையைக் கழுத்தும் இடுப்பும் சுமந்து நொந்தன என்பது அப்போதே விளங்கியது.

சிறுவயதில் மதரஸாவில், ருகூஉவின்போது ஹஸ்ரத் நம் முதுகில் உள்ளங்கை வைத்துச் சமன்செய்தது நினைவுக்கு வந்தது.

சென்ற ரமளானில், அல்லாஹ்வின் அருளால், மீண்டும் தரையில் சுஜூது செய்தோம். எழும்போது ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது.