கேமரன் மலையில் ஏழு நாள்

சென்ற ஆண்டு இறுதியில் நானும் என் கணவரும் கேமரன் மலைக்குச் சென்று ஏழு நாள் தங்கி வந்தோம். "ஒரு வாரமா? இரண்டு நாள் போதுமே, டீச்சர்!" என்று ஆசிரியர் அறையில் வியந்தவர்கள் பலர். ஸ்ட்ராபெரி பறித்து, தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுத்து, இரவுச் சந்தையில் அவித்த சோளம் தின்றுவிட்டால் மலை முடிந்துவிடும் என்பது நம்மவரிடையே உள்ள பொதுக் கணக்கு.

எங்கள் கணக்கு வேறு. என் கணவர் அந்த மலையில் பிறந்தவர். ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கொழுந்து பறித்த தாய்க்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்து, பத்து வயதில் கீழே இறங்கியவர். அதன் பின் மேலே ஏறவே இல்லை. அத்தை காலமாகி ஈராண்டு ஆகிறது. இருந்தவரை அவர் மலையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மீண்டும் பார்க்க வேண்டும் என்று கேட்டதுமில்லை. அவர் மறைந்த பிறகுதான் ஒரு நாள் இரவு உணவின்போது என் கணவர், "மேலே போய் வரலாமா?" என்றார். இருபது ஆண்டு இல்வாழ்க்கையில் அவராகக் கேட்ட முதல் பயணம் அது.

சிம்பாங் பூலாய் வழி அகலமானது, வளைவு குறைந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவரோ தாப்பா வழியாகத்தான் செல்ல வேண்டும் என்றார். தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் அவர்கள் இறங்கி வந்த சாலை அது. லாத்தா இஸ்கண்டார் அருவியருகே சிறிது நேரம் நின்றோம். பூர்வகுடியினர் கொட்டகை போட்டுப் பெத்தாயும் தேனும் விற்றுக்கொண்டிருந்தனர். வளைவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அந்த நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று நாளும் எல்லாரும் பார்ப்பதையே நாங்களும் பார்த்தோம். தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் சமதரை என்று பொருள். அந்தச் சமதரையைத் தவிர எங்கு நோக்கினும் ஏற்றமும் இறக்கமுந்தான். 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் பிரிஞ்சாங் மலையுச்சியருகே, பாசி போர்த்த மரங்களிடையே நடந்தோம். 1967 மார்ச் 26ஆம் நாள் நடக்கச் சென்று திரும்பாமலே போன பட்டு வணிகர் ஜிம் தாம்சனின் கதையை வழிகாட்டி ஒருவர் சுவையாகச் சொன்னார். நெகிழிக் கூடாரங்கள் மூடிய சரிவுகளையும், மண் படிந்து பழுப்பேறிய ரிங்லெட் ஏரியையும் கண்டபோது மட்டும் மனம் கனத்தது. நாம் வாங்கித் தின்னும் கீரையும் தக்காளியும் அங்கிருந்துதானே வருகின்றன!

மலையின் வரலாறாக நாம் மாணவர்க்குச் சொல்வது மிகச் சுருக்கமானது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டறிந்தார், 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகு மலைவாழிடமாக்கும் முயற்சி தொடங்கியது, 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 'கண்டறிந்தார்' என்ற சொல் எனக்கு எப்போதுமே உறுத்தும். செமாய் மக்கள் காலங்காலமாக வாழும் இடத்தைப் புதிதாகக் கண்டறிய என்ன இருக்கிறது? 'தோற்றுவித்தார்' என்பதும் அத்தகையதே. இம்மலைச் சரிவுகளில் கன்று நட்டும் கொழுந்து பறித்தும் உழைத்த தமிழர்களின் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை.

நான்காம் நாள் அவர் பிறந்த தோட்டத்துக்குச் சென்றோம். வரிவரியாக வளைந்து கிடந்த பசுமையைக் கண்டு, "எவ்வளவு அழகு!" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மழை நாளில் இந்தச் சரிவில் அம்மா வழுக்கி விழுவார். விழும்போது கூடையைத்தான் முதலில் பிடிப்பார்" என்றார்.

அதன் பிறகு அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் திருமணமான நாள் முதல் கேட்டிராத பேச்சு. விட்டுவிட்டால் மரமாக வளர்ந்துவிடும் செடியை இடுப்பளவில் வெட்டி வெட்டியே வைத்திருப்பார்களாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டுந்தான் பறிக்க வேண்டும்; முற்றிய இலை கலந்தால் மண்டோர் கூடையைக் கவிழ்த்துக் காட்டித் திட்டுவார். கொழுந்து ஈரமாக இருந்தால் கிராணி நிறுவையில் எடை கழிப்பார். அதனால் மழை பெய்தால் இரட்டை நட்டம்: கையும் மெதுவாகும், எடையும் குறையும். இத்தனையும் பறித்தவர் வீட்டில் குடித்தது கடையில் வாங்கிய மலிவான தேயிலைத் தூசு.

இப்போது அங்கே கூடை இல்லை. நிரையின் இருபுறமும் இருவர் நின்று பொறியைப் பிடித்து நடக்க, கொழுந்து பின்னால் உள்ள பையில் போய் விழுகிறது. பொறி ஏற முடியாத சரிவுகளில் பெரிய கத்தரியால் வெட்டுகிறார்கள். நாங்கள் பார்த்த தொழிலாளர்களுள் தமிழர் ஒருவரும் இல்லை. வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருந்தனர்.

லயம் இருந்தது. தகரக் கூரை புதியது. பதினான்கு கதவுகளும் பழையவை. ஆறாவது கதவின் முன் அவர் நின்றார். அவ்வீட்டில் இப்போது தங்கியிருக்கும் நேப்பாள இளைஞர் எங்களை உட்காரச் சொல்லிப் பாலில்லாத தேநீர் கொடுத்தார். "முன்பு இங்கே வேலை செய்தீர்களா, ஐயா?" என்று மலாயில் கேட்டார். "இல்லை, இங்கே பிறந்தேன்" என்றார் என் கணவர். தம் ஊர் இலாம் என்றும், அங்கேயும் தேயிலைதான் என்றும், தம் தாயும் கொழுந்து பறிப்பவர் என்றும் அந்த இளைஞர் சொன்னார். பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் எஞ்சியிருந்தது. அதன் மீது யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள்.

அவர் நான்காம் ஆண்டுவரை படித்த தமிழ்ப்பள்ளி விடுமுறையாதலால் பூட்டியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் 'நான் மேற்கொண்ட சுற்றுலா' கட்டுரையில் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்' என்ற தொடர் இன்றும் என் வகுப்பில் ஆண்டுதோறும் பத்துப் பேரிடமாவது முளைக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அத்தொடர் பயிற்சி நூல்களில் இருக்கிறது. பெற்றோர்களே, கேமரன் மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கச் செய்யுங்கள்: "அங்கே நமக்குத் தெரிந்தவர் யாராவது வேலை செய்தார்களா?" பல வீடுகளில் பதில் இருக்கும்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் விடாத மழை. விடுதியறையிலேயே அடைந்து கிடந்தோம். என் கைப்பையில் இருந்த கட்டக்குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவர் லயத்தை வரையத் தொடங்கினார். பதினான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அப்போது குடியிருந்தவர் யார் என்று எழுதினார்: மண்டோர் வீடு, மாடு வைத்திருந்த பாட்டி வீடு, உறுமி அடிப்பவர் வீடு. சில கட்டங்களில் பெயர், சிலவற்றில் பட்டப்பெயர் மட்டும். அத்தையின் பெயரை ஆறாம் கட்டத்தில் முழுப்பெயராகவே எழுதினார். ஒன்பதாவது வீட்டுக்குப் பிறகு நினைவு தடைப்பட்டுவிட்டது.

மீதமுள்ள ஐந்து கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. ஈப்போவிலுள்ள அவருடைய அக்காள் அவரைவிட எட்டு வயது மூத்தவர், அவருக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அங்கே செல்கிறோம்.