கொறங்காட்டு மண்

தாராபுரத்திலிருந்து காங்கேயம் நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்போர் சாலையின் இருமருங்கிலும் நெடுநேரம் ஒரே காட்சியைக் காண்பர். முள்வேலி சூழ்ந்த சிவந்த நிலம், காய்ந்த புல், ஆங்காங்கே குடை விரித்தாற்போல் நிற்கும் மரங்கள். வீணாய்க் கிடக்கும் நிலம் என்றே எண்ணத் தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

எண்ணியதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் புதல்வர்கள், தங்கள் நான்கு ஏக்கரை விற்கலாமா என்று யோசனை கேட்டபோது, "ஒன்றும் விளையாத மண்தானே, விற்றுவிடுங்கள்" என்று சொல்லியும்விட்டோம். அவர்களுடைய தந்தையார் இதைக் கேள்வியுற்றுக் கோபம் கொள்ளவில்லை. "ஒருநாள் வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க சாமி" என்றார். கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் சென்றோம்.

பெரியவர் கடப்பாரையால் மண்ணைக் கிளறிக் காட்டினார். மேலே சரளை கலந்த செம்மண். ஒரு முழம் போவதற்குள் வெண்மையான சுக்கான்கல் தட்டுப்பட்டது. மண்ணைச் சிவக்க வைப்பது அதிலுள்ள இரும்பு. ஆழமற்ற இம்மண்ணில் மட்குச் சத்தும் குறைவு. பெய்த நீர் நெடுநாள் தங்காது. மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் இருப்பதால் இங்கு ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். நெல்லும் வாழையும் இங்கே எங்ஙனம் தாங்கும்?

ஆனால் இம்மண்ணுக்கென்றே அமைந்தது கொழுக்கட்டைப் புல். தூறு கட்டி, வேரை ஆழமாய் இறக்கி, ஒரு மழைக்கே பசுமை கொள்ளும். காய்ந்த பின்னும் நின்றபடியே தீவனமாகும். புல் தீரும் கோடையில் வெள்வேல மரம் காய்களை உதிர்க்கும். அதை உண்ணும் ஆடுகளின் புழுக்கையோடு விதையும் மண்ணில் விழுந்து முளைக்கும். வேலியோ, போத்து நட்டு வளர்த்த முள்கிளுவை. ஒரு காட்டில் புல் குறைந்ததும் படலைத் திறந்து மந்தையை அடுத்த காட்டில் விடுவர். மேய்ந்த காடு அதற்குள் மீண்டும் துளிர்க்கும். காவலுக்கு ஆள் வேண்டியதில்லை. புல், மரம், வேலி மூன்றும் கூடிய இவ்வமைப்பே கொறங்காடு.

புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் இம்மேய்ச்சலில் வளர்ந்தவையே. கன்று செந்நிறமாய்ப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறம் கொள்ளும். இவ்வினத்தைப் பேணி மேம்படுத்தியவர்களுள் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் முதன்மையானவர். மண்ணிலுள்ள சுண்ணாம்பே மாட்டின் எலும்புக்கு உரம் என்பது இப்பகுதியார் நம்பிக்கை.

"இதை உழுதுபோட்டா என்ன ஆகும்?" என்று வினவினோம். "ஆடிக் காத்து அடிக்குமுங்களே சாமி, மேல்மண்ணெல்லாம் பறந்து போயிருமுங்க. புல்லு வேருதான் புடிச்சு வச்சிருக்குது. மண்ணு எதைக் கொடுக்குதோ அதைத்தான் கேக்கோணும்" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அக்காற்றின் வேகம் அப்பகுதி மக்கள் அனைவரும் அறிந்ததே.

எனினும், புதல்வர்கள் பக்கமும் நியாயம் உண்டு. டிராக்டர் வந்தபின் உழவு மாட்டுக்கு வேலை குறைந்தது. பராமரிக்காத காடுகளில் சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. திருப்பூரில் பனியன் தொழிலுக்குச் சென்ற அவர்களுக்கு, தங்கையின் திருமணக் கடன் தலைக்கு மேல் நிற்கிறது. புல்லைக் காட்டி வட்டியைக் கட்ட இயலாது.

அன்று மாலை அவர்களை அழைத்து, "அறியாமல் சொன்னோம், அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்" என்றோம். நிலத்தை வைத்திருங்கள் என்று கட்டளையிடவில்லை. அதற்கு நமக்கு உரிமையுமில்லை. பக்கத்துக் காட்டார் செம்மறி மேய்க்கக் குத்தகைக்குக் கேட்பதாகப் பெரியவர் கூறினார். குத்தகைப் பணத்தில் வட்டியையேனும் கட்டிப் பார்ப்பது, அடுத்த ஐப்பசி வரை விலை பேசுவதில்லை என்று முடிவாயிற்று.

அதற்குப் பின் என்னவாகுமென்று நாம் அறியோம். ஆனால், கால் பதித்துப் பாராத மண்ணைப்பற்றி இனி யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்ற உறுதியோடு பேருந்து ஏறினோம்.