பனி கற்பித்த பாடம்

உயிரைக் காக்கும் கல்வி யாவும் ஏட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை. இவ்வுண்மையைக் கனடா நாட்டின் வடகோடியிலுள்ள கிங் வில்லியம் தீவின் வரலாறு நன்கு விளக்கும்.

அத்தீவில் குளிர்காலத்தில் ஞாயிறு தொடர்ந்து பல நாள் எழுவதில்லை. கடல் கல்லென இறுகிக் கிடக்கும். வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசுக்கும் தாழும். ஆயினும், நெட்சிலிக் இனூயிட் என்னும் மக்கள் அந்நிலத்தில் தம் மனைவி மக்களோடு வாழ்ந்து வந்தனர்.

1845ஆம் ஆண்டில், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவிற்கு வடமேற்குக் கடல்வழி காண விரும்பி, ஜான் பிராங்கிளின் என்பார் தலைமையில் ஆங்கிலேயர் இரு பெருங்கப்பல்களில் புறப்பட்டனர். அக்கப்பல்களில் நீராவிப் பொறி இருந்தது. மூன்றாண்டிற்கு வேண்டிய உணவு இருந்தது. நூல் நிலையமும் இருந்தது. எனினும், 1846இல் அத்தீவின் அருகே கப்பல்கள் பனியிற் சிக்கின. 1848இல் எஞ்சியோர் கப்பல்களைத் துறந்து, கம்பளி உடையினராய், பாரம் ஏற்றிய சறுக்குவண்டிகளைத் தாமே இழுத்துத் தெற்கு நோக்கி நடந்தனர். குளிரும் பசியும் பிணியும் அவர்களை வாட்டின. 129 பேருள் ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

பின்னர், 1903இல் நார்வே நாட்டு ரோல்ட் அமுண்ட்சன், தோழர் அறுவருடன் ஒரு சிறு கப்பலில் அத்தீவை அடைந்தார்; இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்தார். அவர் இனூயிட் மக்களை அணுகி, மாணாக்கராய் அமர்ந்து கற்றார். தம் நாட்டு உடையைக் களைந்து, அவர்தம் மான்தோல் உடையை அணிந்தார். உள்ளுடையின் மயிர் உடலை நோக்கியும், வெளியுடையின் மயிர் புறத்தை நோக்கியும் அமைந்திருக்கும். மயிரிடையே தங்கும் காற்று உடலின் வெப்பத்தை வெளியேறவிடாது. உடை தளர்ந்திருப்பதால் வியர்வையும் தேங்காது. கடுங்குளிரில் வியர்வை பெரும்பகை. நனைந்த உடை பனியாய் உறையும். ஆதலின், அம்மக்கள் வீணே விரைந்து உடல் வியர்க்க உழைப்பதில்லை.

அவர்தம் பனிவீட்டின் வாயில் தாழ்ந்தும், படுக்கும் மேடை உயர்ந்தும் இருக்கும். வெப்பக்காற்று மேலே தங்க, குளிர்காற்று கீழே அடங்கும். பனிக்கட்டியே பனியைத் தடுக்கும் சுவராகும் விந்தை இதுவே!

இக்கல்வி வீண்போகவில்லை. அமுண்ட்சன் 1906இல் வடமேற்கு வழியைக் கடந்து முடித்தார். 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், தோல் உடையும் நாய்கள் இழுக்கும் வண்டியும் துணையாக, நால்வரோடு தென்துருவத்தை முதன்முதல் அடைந்தார்.

பிராங்கிளினின் கப்பல்களுள் ஒன்று 2014இல் கடலடியிற் கண்டெடுக்கப்பட்டது. அது மூழ்கிய பகுதியை இனூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருந்தனர். அவர்தம் சொல்லைச் செவிமடுப்பார்தாம் நெடுங்காலம் அரியராயினர். ஒரு நிலத்தில் வாழ விழைவோர், அந்நிலத்தாரையே ஆசிரியராகக் கொள்ளுதல் வேண்டும். பணிந்து கற்பது தாழ்வன்று. அதுவே உயிர்க்கு அரண்.