ஜாலான் புசாரில் ஒரு கெப்பாசிட்டர்

அப்பாவின் பழைய ரேடியோவில் ஒலி 96.8 கேட்கும்போதெல்லாம் கூடவே ஓர் உறுமல். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பழுதுபார்க்கும் அண்ணனிடம் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இருபது வருடமாக இதே மேசை.

"வால்யூமைச் சுத்தமாக் குறைச்சாலும் உறுமுதா தம்பி?"

"ஆமாண்ணே."

"அப்ப பவர் சப்ளையைத்தான் மொதல்ல பாக்கணும்."

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கைவைக்கவில்லை. பவர் சப்ளையிலுள்ள கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் ஒரு ரெசிஸ்டரை வைத்துத் தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே தொட்டார். அதன் தலை லேசாக உப்பியிருந்தது. வருடக்கணக்கில் சூடுபட்டு உள்ளிருக்கும் திரவம் வற்றிவிட்டால் அதனால் மின்சாரத்தைச் சமன்செய்ய முடியாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகளைக் கடந்ததும் 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. நான் கேட்ட உறுமல் அதுதான்.

புதிய கெப்பாசிட்டர் வாங்க ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவருக்கு நடந்தோம். கம்ப்யூட்டர் விற்கும் சிம் லிம் ஸ்குவேரை எல்லாருக்கும் தெரியும். உதிரிபாகம் தேடுபவர்கள் வருவது இங்கே. கேட்டது 2200 மைக்ரோஃபேரட். பழையது 16 வோல்ட், 85 டிகிரி வரை சூடு தாங்குவது. அண்ணன் எடுத்தது 25 வோல்ட், 105 டிகிரி. வோல்ட் கூடலாம், குறையவே கூடாது என்றார்.

வழியெல்லாம் கம்ப்யூட்டர் மெமரியின் விலையேற்றத்தைப் பற்றித்தான் பேச்சு. செயற்கை நுண்ணறிவு மையங்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன. கடைகளில் விற்கும் குரூஷியல் மெமரியை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதே நிறுவனத்தின் பெரிய ஆலைகள் இங்கே உட்லண்ட்ஸில் இருக்கின்றன. "இனிமே பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட யோசிப்பாங்க" என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் சால்டரிங் அயனை எடுத்தார். பேனா அளவுதான், டைப்-சி வயரில் ஓடுகிறது, சில நொடிகளில் சூடாகிவிடுகிறது. ஆனால் கருவியைவிட அந்தக் கைதான் என்னைக் கட்டிப்போட்டது. பழைய போர்டுகளில் ஈயம் கலந்த பற்று. 183 டிகிரியில் இளகும். இப்போது வரும் ஈயமில்லாத பற்றுக்குச் சுமார் 217 வேண்டும். சூடு மிஞ்சினால் செப்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும், குறைந்தால் பற்று பிடிக்காது. அயன் முனையை வைத்து, எடுத்து, அந்தப் பளபளப்பைப் பார்த்தே சரியாக விழுந்ததா என்று சொல்லிவிடுகிறார். கெப்பாசிட்டரின் மைனஸ் கோட்டை இரண்டாம் முறை சரிபார்த்த பிறகே பிளக்கைச் சொருகினார்.

உறுமல் இல்லை. செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

பழைய பொருளுக்கு இந்த வட்டாரத்தில் சுங்கை ரோடு சந்தையும் இருந்தது. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. சிங்கப்பூரின் மின்னணுக் கழிவு ஆண்டுக்குச் சுமார் 60,000 டன், தலைக்கு ஏறக்குறைய 11 கிலோ. இதைக் குறைக்க 2014-இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற முயற்சியில் தொண்டர்கள் பழுதுபார்க்கவே கற்றுக்கொடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பேசாமல் போன ரேடியோவோ சுழலாத மின்விசிறியோ இருக்கும். குப்பைக்கு அனுப்புமுன் இப்படி ஒரு மேசைக்கு ஒருமுறை கொண்டுபோங்கள்.